பாய் உறைக்கு எந்த நிறம்? வெயிலிலிருந்து பாயைக் காக்கும் முழுமையான வழிகாட்டி

பாய்மரப் படகின் பாய்க்குப் புது உறை தைக்கப் போகிறவர் முதலில் கேட்பது, "என் படகுக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும்?" என்பதுதான். அந்தக் கேள்வி கடைசியில் வரவேண்டியது. பாய் எந்தத் துணி, உறை எந்த வகை, உறைத்துணியில் சாயம் எப்படி ஏறியிருக்கிறது என்ற மூன்றும் தெரிந்த பிறகு நிறத்துக்கு வந்தால், மிஞ்சுவது நான்கைந்து நிறங்கள்தான். முதலிலேயே நிறத்தைப் பிடித்துக்கொண்டால், இரண்டு கோடை தாண்டாத துணியில் அழகான உறை கிடைக்கும்.

இங்கே சொல்வது சென்னை, கொச்சி, திருகோணமலை, லங்காவி போன்ற வெப்பக் கடலோரங்களில் நீரிலேயே நிற்கும் 25 முதல் 40 அடிப் படகுகளுக்கு. ஐரோப்பியக் கையேடுகளின் ஆண்டுக் கணக்கை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே பாதி ஆண்டு பாய் கழற்றிக் கிடங்கில் கிடக்கும். இங்கே வருடம் முழுக்க பூமில்தான், அதாவது பாயின் அடியைத் தாங்கும் கிடைக்கம்பில்தான்.

தொடங்கும் முன் கையில் வேண்டியவை

- பாய் தைத்த ரசீது, அல்லது பாயின் துணி என்னவென்று உறுதியான தகவல்
- அளவு நாடா, சாக்கட்டி, குறிப்பேடு
- நினைத்திருக்கும் ஒவ்வொரு துணியிலும் உள்ளங்கை அளவு மாதிரி இரண்டு. கணினித் திரையில் தெரியும் நிறத்தை நம்ப வேண்டாம்
- பழைய செய்தித்தாள், ஒரு பலகை, குண்டூசி
- கொஞ்சம் குளோரின் ப்ளீச்
- இரண்டு வார அவகாசம்

கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மார்ச் வெயில் ஏறிய பிறகு துணி தேட ஆரம்பித்தால், கடையில் இருக்கும் நிறம்தான் உங்கள் நிறம். ஜனவரியிலேயே மாதிரித் துண்டுகளை வரவழைத்துவிடுங்கள்.

1. உள்ளே இருக்கும் பாய் என்ன துணி என்று பாருங்கள்

பாயைக் கெடுப்பவை இரண்டு: புற ஊதாக் கதிர், அதாவது யுவி. அடுத்தது சூடு. நிறம் இந்த இரண்டையும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். ஒரே துணியில் அடர்நிறம் யுவியை அதிகம் தடுக்கும், ஆனால் கொதிக்கும். வெளிர்நிறம் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் கதிரைக் கொஞ்சம் உள்ளே விடும். எதற்கு முன்னுரிமை என்பதைப் பாய்த்துணிதான் முடிவுசெய்கிறது.

டேக்ரான் பாய், அதாவது நெய்த பாலியெஸ்டர், நம் வெயிலில் உறைக்குள் ஏறும் சூட்டைத் தாங்கும். அதைப் பொடிப்பொடியாக்குவது யுவி. ஆகவே டேக்ரானுக்கு அடர்நிற உறை தயங்காமல் போடலாம். இங்கே ஓடும் பயணப் படகுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

லேமினேட் பாய் வேறு கதை. மெல்லிய பிலிமையும் இழையையும் பசைதான் பிடித்துவைத்திருக்கிறது. கறுப்பு உறைக்குள் தினமும் வெந்தால் பசை இளகி அடுக்குகள் பிரியும். கெவ்லார் போன்ற அராமிட் இழை இருந்தால் யுவியும் அதற்கு ஆகாது. இதற்கு வெளிர்நிற உறையும், அதனுள்ளே ஒளியைத் தடுக்கும் உள்துணியும் சேர்ந்து வேண்டும்.

பலூன்போல் விரியும் முன்பாயான நைலான் ஸ்பின்னக்கரைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. அதைப் பையில் போட்டுக் கீழே வையுங்கள். எந்த நிற உறைக்குள்ளும் டெக்கில் விடாதீர்கள்.

பாயே ஏற்கெனவே செத்துவிட்டதா என்றும் இப்போதே பாருங்கள். தலைப்பகுதியிலும் லீச் எனும் பின்னோரத்திலும் தையல் நூலைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் கீறுங்கள். நல்ல நூல் நகத்துக்கு அசையாது. யுவி தின்ற நூல் தவிட்டுத் தூள்போல உதிரும். துணி நன்றாக இருந்து நூல் மட்டும் போயிருந்தால், உறை தைக்குமுன் பாயை மறுதையல் போடக் கொடுங்கள். ஓட்டைப் பாய்க்குப் புது உறை போட்டு என்ன பயன்?

2. எந்த வகை உறை என்று தீர்மானியுங்கள்

மூன்று வகைதான் புழக்கத்தில் அதிகம்: பூம் மேல் போர்த்திக் கழற்றும் சாதாரண உறை, பூமிலேயே நிரந்தரமாக நிற்கும் ஸ்டேக்பேக், சுருட்டிவைக்கும் பெரிய முன்பாயான ஜெனோவாவின் ஓரத்தில் தைக்கும் யுவி பட்டை.

வகை முதலில் தெரியவேண்டியதற்குக் காரணம், ஒவ்வொன்றும் வெயிலில் நிற்கும் நேரம் வேறு. சாதாரண உறை, படகு ஓடும்போது அறைக்குள் போய்விடும். ஸ்டேக்பேக் கடலில் ஓடும்போதும் வெயிலில்தான் இருக்கும். அதற்குச் சாயம் உறுதியான நிறமாக இருப்பது இரட்டிப்பு முக்கியம். யுவி பட்டை பாயோடு சேர்ந்தே காற்றில் ஏறுகிறது. அங்கே நிறத்தோடு எடையும் கணக்கு. கனமான அடர்நிறத் துணியைச் சிறு படகின் ஜெனோவா ஓரத்தில் தைத்தால், இளங்காற்றில் லீச் தொங்கும். சின்ன ஜெனோவாவுக்கு யுவி தடுப்பு ஏற்றிய வெள்ளை டேக்ரான் பட்டை போதும். ஆனால் ஆயுள் குறைவு என்பதை ஏற்றுக்கொண்டே போடுங்கள்.

பட்டையில் மிகப் பெரிய தவறுக்கும் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை: அதைத் தவறான பக்கத்தில் தைப்பது. முன்பாயைச் சுருட்டும் கருவியான ஃபர்லர் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதைப் பொறுத்தே எந்த முகம் வெளியே வரும் என்பது அமையும். துணி வெட்டுமுன் பாயை ஒருமுறை சுற்றி, வெளியே தெரியும் முகத்தில் சாக்கட்டியால் பெரிதாக ஒரு குறி போடுங்கள். பிறகு தையற்காரர் தப்பவே முடியாது.

3. சாயம் எப்படி ஏறியிருக்கிறது என்று சோதியுங்கள்

கத்தரிக்காய்க்குத் தோலில் மட்டும்தான் நிறம். பீட்ரூட்டுக்கு நடு வரை நிறம். துணியிலும் இந்த இரண்டு சாதி உண்டு. நெய்த பிறகு சாயத்தில் முக்கியெடுத்த துணி கத்தரிக்காய். இழையாக இழுக்கும் முன்பே குழம்பில் நிறமியைக் கலந்தது பீட்ரூட். பாய் உறைக்கு இரண்டாவதுதான் வேண்டும். சன்பிரெல்லா போன்ற அக்ரிலிக் துணிகள் இந்த முறையில் வருபவை. கடல் வேலைக்கான ரகம் சதுர மீட்டருக்கு 300 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும்.

"அதே மாதிரிதான் சார், பாதி விலை" என்று கொடுக்கும் துணியை எப்படிக் கண்டுபிடிப்பது? மாதிரித் துண்டிலிருந்து ஒரு இழையை உருவி, குறுக்கே வெட்டி, வெட்டுமுனையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் வெளுப்பாக இருந்தால் மேல்சாயம். பிறகு ஒரு சொட்டு ப்ளீச் விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். மேல்சாயம் பெரும்பாலும் அந்த இடத்தில் வெளிறிவிடும். குழம்புச்சாய அக்ரிலிக் அசையாது.

நிரந்தர உறைக்குத் தார்ப்பாய் வேண்டாம். நீல பாலித்தீன் தார்ப்பாய் ஒரு பருவத்தில் நார்நாராகிவிடும். அந்த நார் படகு முழுக்கப் பறந்து, கயிறு இழுக்கும் வின்ச்சுக்குள் போகும். பிவிசி பூசிய துணி கதிரை நன்றாகத் தடுக்கும், ஆனால் மூச்சு விடாது. ஈரப்பாயை அதற்குள் மூடினால் பூஞ்சைக்கு விருந்து.

4. இப்போது நிறம்

அடர்நிறங்கள்: கருநீலம், கறுப்பு, கரும்பச்சை, கரிச் சாம்பல். யுவி தடுப்பில் இவை முன்வரிசை. கறுப்புக்குப் பயன்படும் கார்பன் நிறமி தானே யுவியை விழுங்கிவிடும். நீலத்துக்கான நிறமிகளும் வெயிலுக்கு உறுதியானவை. உலகம் முழுக்கப் படகுத்துறைகளில் நீல உறைகள் நிறைந்திருப்பதற்கு அழகு மட்டும் காரணமல்ல. குறை: நண்பகலில் கறுப்பைத் தொட்டால் கை சுடும், காய்ந்த உப்பு வெள்ளைப் படலமாகத் தெரியும். டேக்ரான் பாய்க்குக் கருநீலம் பாதுகாப்பான முடிவு. கறுப்பைத் தவிர்க்கலாம். கருநீலத்தைவிட அது கூடுதலாகத் தரும் பாதுகாப்பு சொற்பம், கூடுதல் சூடு அதிகம்.

இடைநிறங்கள்: நடுச்சாம்பல், மணல் பழுப்பு, வறுத்த ரொட்டி நிறம். நம் கடலோரத்துக்கு எங்கள் தேர்வு இந்த வரிசைதான். நல்ல எடையுள்ள துணியில் யுவி தடுப்பு போதுமானது, சூடு தாங்கக்கூடியது. துறைமுகத் தூசியும் உப்பும் காக்கை எச்சமும் ஓரளவு மறையும். வெளிறினாலும் பளிச்சென்று தெரியாது. மணல் பழுப்பு ஐந்து வருடத்தில் வேறு ஒரு மணல் பழுப்பாகும், அவ்வளவுதான்.

வெளிர்நிறங்கள்: வெள்ளை, தந்தம், இளமஞ்சள் கலந்த வெள்ளை. சூடு குறைவு. ஆனால் ஒரே எடையில் கதிரை அதிகம் விடுபவை இவையே. நனைந்தால் இன்னும் ஒளி ஊடுருவும். பூஞ்சைப் புள்ளி, டீசல் கரி, காக்கை எச்சம் எல்லாம் கண்ணில் அறையும். லேமினேட் பாய் இருந்தால் மட்டும் இதற்குப் போங்கள். அப்போதும் உள்ளே சாம்பல் நிற உள்துணி ஒன்று கட்டாயம்.

பளிச் நிறங்கள்: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள். சிவப்பு மீது ஆசை இல்லாதவர் யார்? ஆனால் நீலம், கறுப்பு, மண்நிறங்களின் நிறமிகளோடு ஒப்பிட்டால் பளிச் சிவப்பு நிறமி வெயிலுக்குத் தளர்ச்சி. வெளிறுவது ஒரே சீராகவும் நடக்காது. முதுகுப்பகுதி ரோஸாகி, அடிப்பகுதி சிவப்பாகவே நிற்கும். மஞ்சளில் ஒளி ஊடுருவலும் அதிகம். சிவப்பு வேண்டுமென்றே வேண்டுமானால் அரக்குச் சிவப்புக்குப் போங்கள். அல்லது உறை பழுப்பில் இருக்க, படகின் பெயரை மட்டும் சிவப்பில் போடுங்கள்.

5. செய்தித்தாள் சோதனை

பட்டியலில் இரண்டு மூன்று நிறங்கள் மிஞ்சியிருக்கும். இதில் எது உள்ளே கதிரை விடுகிறது என்று காட்ட மலிவான கருவி நம் வீட்டிலேயே இருக்கிறது. செய்தித்தாளில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெயில் பட்டதும் மஞ்சளாகும். வேலையை அதனிடமே விட்டுவிடலாம்.

அச்சில்லாத ஓரப்பகுதிகளைக் கத்தரித்துப் பலகையில் வரிசையாக ஒட்டுங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு மாதிரித் துண்டை இறுக்கமாகக் குண்டூசி குத்துங்கள். ஒரு துண்டை அலுமினியத் தாளால் மூடுங்கள். ஒன்றைத் திறந்தே விடுங்கள். பலகையை மொட்டைமாடியில், நிழல் விழாத இடத்தில் படுக்கை வாட்டில் வையுங்கள். மழை வந்தால் எடுத்துவிட வேண்டும்.

இரண்டு வாரம் கழித்துத் துணிகளை எடுத்தால், திறந்த துண்டு மஞ்சள், அலுமினியத்தடித் துண்டு பழையபடி. மற்றவை இவற்றுக்கு நடுவில் எங்கேயோ நிற்கும். அலுமினியத் துண்டிலிருந்து வேறுபாடே தெரியாத நிறங்கள் தேறின. லேசாக மஞ்சள் தட்டியிருந்தால் அந்த நிறத்துக்கு உள்துணி வேண்டும், அல்லது அதை விடவேண்டும். கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியும் இதில் கலந்து வேலை செய்வதால் இது ஆய்வக அளவீடு அல்ல. நிறங்களை வரிசைப்படுத்த இது போதும்.

அதே பலகையில் நண்பகல் ஒரு மணிக்கு மாதிரிகளைத் தொட்டுப் பாருங்கள். கை வைத்திருக்க முடியாத நிறம் எது, முடிகிற நிறம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

6. நூலை நிறத்தைப் போலவே தேர்ந்தெடுங்கள்

உறை கிழிவதைவிட உறையின் தையல் விட்டுப்போவதுதான் அதிகம். துணிக்குப் பத்து வருட உத்தரவாதம் இருக்கலாம். அதைப் பிடித்திருக்கும் பாலியெஸ்டர் நூல் நம் வெயிலில் மூன்று முதல் ஐந்து வருடத்தில் தளர்ந்துவிடும்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, வி-92 கனத்தில் யுவி தடுப்பேற்றிய பாலியெஸ்டர் நூலில் தைத்து, நாலு வருடத்துக்கொருமுறை மறுதையல் போடுவது. இன்னொன்று, டெனாரா போன்ற பிடிஎஃப்இ (டெஃப்லான் வகை) நூல். யுவி அதை ஒன்றும் செய்யாது, துணிதான் முதலில் போகும். விலை பல மடங்கு, வழுக்குவதால் தையல் இயந்திரத்தில் இழுவிசையைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும், கிடைக்கும் நிறமும் குறைவு. துணி நிறத்தோடு நூல் நிறம் பொருந்தவில்லையே என்று பிடிஎஃப்இ நூலை ஒதுக்குபவர்கள் உண்டு. பத்தடி தள்ளி நின்றால் அந்த நூல் தெரியவே தெரியாது.

பருத்தி கலந்த நூலும், சாதாரண நைலான் நூலும் வேண்டவே வேண்டாம்.

7. ஒரே உருட்டில், ஒரே முறையில் வாங்குங்கள்

ஒரே பெயருள்ள நிறம்கூட உருட்டுக்கு உருட்டு ஒரு சாயல் மாறும். பூம் உறையை இந்த ஆண்டும் யுவி பட்டையை அடுத்த ஆண்டும் வாங்கினால், படகில் இரண்டு நீலம் நிற்கும்.

30 அடிப் படகுக்கு ஒரு கணக்கு. பூம் 3.6 மீட்டர் என்றால் பாய்மரத்தைச் சுற்றும் கழுத்துப்பகுதி, மூடுபட்டைகள், மடிப்பு எல்லாம் சேர்த்து 152 செ.மீ. அகலத் துணியில் 5 முதல் 6 மீட்டர். ஜெனோவாவுக்கு லீச் 10 மீட்டர், ஃபுட் எனும் அடியோரம் 4.5 மீட்டர் என்று வைத்தால் மொத்தம் 14.5 மீட்டர் பட்டை. 60 செ.மீ. அகலத்தில் வெட்டினால் அகலத்துக்கு இரண்டு பட்டை வரும். அப்படியானால் எட்டு மீட்டர் துணி. இதில் மிஞ்சும் 32 செ.மீ. நாடா, ஜிப் மூடுபட்டைக்கு ஆகும். கூடுதலாக அரை மீட்டர் எடுத்து வையுங்கள், அதன் வேலை கடைசியில் வரும்.

8. வெட்டும்போது முதுகில் தையல் விழாமல் பாருங்கள்

சென்னை 13 டிகிரி வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில். மற்ற மாதங்களில் சாய்ந்தாலும், டிசம்பரில்கூட நண்பகலில் அடிவானத்திலிருந்து ஐம்பது டிகிரிக்கு மேல்தான் நிற்கும். ஆகவே உறையில் அதிகம் வேகும் இடம் பூமின் மேல்முதுகு. பெரும்பாலான உறைகளில் இரண்டு பக்கத் துண்டுகளும் சேரும் தையல் எங்கே இருக்கிறது? அதே முதுகில். அந்த ஒரு கோடு பிய்ந்ததும் வெயில் நேராகப் பாயின் மடிப்புகளில் விழும்.

152 செ.மீ. அகலத் துணியை நீளவாக்கில் பூமின் மேல் மடித்துப் போட்டால் பக்கத்துக்கு 76 செ.மீ. இறங்கும். பூமின் பின்பாதிக்கு அதுவே தாராளம். பாய்மரத்துக்கு அருகே மடிப்பு உயரமாக இருக்கும் இடத்தில் மட்டும், கீழ்ப்பக்கம் ஒரு முக்கோணத் துண்டு சேர்த்துக்கொள்ளலாம். தையல் நிழல் பக்கம் போய்விடும். பழகிய தையற்காரர்கூட வழக்கப்படி முதுகில்தான் வெட்டுவார். முன்கூட்டியே படம் வரைந்து கொடுங்கள்.

அடிப்பக்கத்தை இறுக்கி மூட வேண்டாம். கடல்நீர் திருப்பி அனுப்பும் யுவி பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குப் பயந்து காற்றை அடைத்தால், குறிப்பாக அடர்நிற உறையில், ஈரப்பாய் இட்லிச் சட்டியில் வைத்தது போலாகும். கொக்கிகளுக்கு நடுவில் மூன்று நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும்.

ஜிப் போட்டால் பிளாஸ்டிக் பல், 10ஆம் எண். அதன் நாடாவும் வெயிலில் வேகும் என்பதால் மேலே அதே துணியில் ஒரு மூடுபட்டை. பித்தளைக்கு மேல் முலாம் பூசிய பொத்தான்கள் பச்சை பூத்து, வெளிர்நிறத் துணியில் கறையாக இறங்கும். எஃகு என்றால் 316 ரகம் கேளுங்கள்.

9. போட்ட பிறகு

மேகமூட்டம்தானே என்று உறையில்லாமல் விட்டுப்போவது அடிக்கடி நடக்கும் தவறு. தரைக்கு வரும் யுவியில் கணிசமான பங்கு வானம் முழுக்கச் சிதறி வருவது. மெல்லிய மேகமும் நிழற்பந்தலும் அதை முழுதாக நிறுத்தா. பாயை இறக்கிக் கட்டியதும் உறை ஏறவேண்டும். பாய் நனைந்திருந்தால் மட்டும், முதலில் காற்றில் உலரவிடுங்கள்.

மாதம் ஒருமுறை நன்னீரில் அலசுங்கள். உப்புப் படிகம் இழைகளுக்கு நடுவில் அரம்போல வேலை செய்யும். பூஞ்சை பிடித்தால், குழம்புச்சாய அக்ரிலிக்கை நீர்த்த ப்ளீச்சும் மிதமான சோப்பும் கலந்து துவைத்து, நன்றாக அலசலாம். உறையைக் கழற்றிக் கரையில் வைத்துச் செய்யுங்கள். அந்த நீர் நைலான், அராமிட் பாயில் பட்டால் இழை கெடும். நீர் முத்தாக உருளாமல் துணிக்குள் இறங்க ஆரம்பித்தால், நீர்விலக்கியை மறுபடி பூசவேண்டிய நேரம்.

நிறம் வெளிறிவிட்டது என்பதற்காக உறையைத் தூக்கிப் போடாதீர்கள். வெளிறலும் பாதுகாப்பு இழப்பும் ஒன்றல்ல. உறையை வெயிலுக்கு நேரே பிடித்து உள்ளிருந்து பாருங்கள். ஊசிமுனை வெளிச்சங்கள் பரவலாகத் தெரிந்தாலோ, ஓரத்தை இரு விரலால் இழுத்தால் காகிதம்போல் கிழிந்தாலோதான் அதன் காலம் முடிந்தது.

எடுத்துவைத்த அரை மீட்டரை அலமாரியில் பூட்டாதீர்கள். நாலு வருடம் கழித்து ஒட்டுப்போடும்போது, இருட்டில் இருந்த துணி வெளிறாமல், பழைய உறையில் புதுக்கறையாகத் தெரியும். அதில் பாதியை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, படகின் பின்கம்பியில் கட்டிவிடுங்கள். உறையோடு சேர்ந்து அதுவும் வெளிறட்டும்.